ஈசிஆர் லாயத்துல ஒரு முரட்டுக் குதிரையோட எட்டு மாசம்: என்டூரன்ஸ் ட்ரெயினிங் ரிவ்யூ

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சது. போன ஜூன்ல ஆரம்பிச்சு ஜனவரி கடைசில என்னோட முதல் 40 கிலோமீட்டர் என்டூரன்ஸ் ரைடு முடிச்சிட்டேன். ட்ரெயினிங் எடுத்த லாயம் கோவளத்துக்கு அப்புறம் சவுக்குத் தோப்பு தாண்டி உள்ள போகணும். பேர் போடல, சின்ன இடம், மொத்தமே ஒன்பது குதிரை, கூட்டம் வந்தா தாங்காதுன்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க. ஆனா சென்னைல இந்த மாதிரி ட்ரெயினிங் தேடுறவங்க என்ன பாத்து சேரணும், எதுக்குக் காசு குடுக்கறோம்ங்கறது தெரியணும்னு தோணுது, அதனால நடந்தத அப்படியே எழுதறேன்.

என்டூரன்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. குதிரையில நீண்ட தூரம் போற போட்டி. சர்வதேச அளவுல ஒரு ஸ்டார்னா 100 கிலோமீட்டர்ல இருந்து, ரெண்டு ஸ்டார் 120ல இருந்து, மூணு ஸ்டார் 140ல இருந்து 160 வரைக்கும். புதுசா வர்றவங்க 40ல ஆரம்பிக்கணும். தூரத்த லூப் லூப்பா பிரிச்சிருப்பாங்க, ஒவ்வொரு லூப் முடிஞ்சதும் வெட் கேட், அங்க கால்நடை டாக்டர் குதிரைய பாத்து ஓகே சொன்னாதான் அடுத்த லூப். அமெரிக்காவுல 1955ல இருந்து நடக்கற டெவிஸ் கப்னு ஒண்ணு இருக்கு, 100 மைல், ஒரே நாள்ல. நம்ம பக்கத்துல மலப்புரம் பொண்ணு நிதா அஞ்சும் செலாட் 2023ல பிரான்ஸ்ல நடந்த இளையோர் உலக சாம்பியன்ஷிப்ல 120 கிலோமீட்டர் முடிச்சாங்க, அந்த நியூஸ் பாத்துதான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு. குதிரை மேல ஆசை அதுக்கும் முன்னாடி இருந்தே உண்டு. சின்ன வயசுல அப்பா பஸ்ல கூட்டிட்டுப் போறப்ப தீவுத்திடல் பக்கம் மன்றோ சிலைய காட்டி, பாரு அந்த வெள்ளக்காரருக்கு சேணமும் இல்ல, கால் வைக்க வளையமும் இல்ல, எப்படி உக்காந்திருக்காருன்னு சொல்வாரு, நானும் திரும்பித் திரும்பி பாத்துட்டே வருவேன்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல ஒன்றரை வருஷம் ஓட்டக் கத்துக்கிட்டேன், அங்க நடந்ததையும் சொல்லணும், ஏன்னா அந்தக் குதிரையதான் இப்பவும் ஓட்டறேன். தாமிரா. செம்பு நிறம், நெத்தியில கோணலா ஒரு வெள்ளை. ரேஸ்ல ஓடி முடிச்ச தரோபிரெட் பெட்டை, இப்ப ஒன்பது வயசு. நம்ம ஊர்ல சண்டிக் குதிரைனு சொன்னா நகராம நின்னு அடம் பிடிக்கறது, இவ அதுக்கு நேர் எதிர், நிக்கவே மாட்டா. முன்னாடி ஒரு குதிரை போனா போதும், கழுத்த நீட்டி கடிவாளத்துல மொத்த எடையையும் போட்டு இழுத்துக்கிட்டு போயிடுவா. என் ரெண்டு கையும் தோள்பட்டை வரைக்கும் மரத்துப் போயிடும், வீட்டுக்கு வந்து தண்ணி டம்ளர் தூக்கினா கை நடுங்கும். அந்தப் பழைய இடத்துல இதுக்கு அவங்க செஞ்ச வைத்தியம் கடிவாளத்த மாத்தறது மட்டும்தான். முதல்ல சாதா ஸ்னாஃபிள் (வாய்க்குள்ள போற சாதாரண கம்பி), அப்புறம் பெல்ஹாம் (நெம்புகோல் மாதிரி அழுத்தத்த கூட்டற கம்பி), கடைசியா முறுக்குக் கம்பி. ஒவ்வொரு தடவையும் நாலு நாள் அடங்குவா, அஞ்சாவது நாள் முன்ன விட மோசமா இழுப்பா. ஒரு நாள் இறங்கி வாயத் தொடைச்சப்ப துணியில ரத்தம். அதோட அந்த இடத்துக்குப் போறத விட்டேன். மூணு மாசம் கழிச்சு அவள விக்கறாங்கன்னு தெரிஞ்சு இந்த லாயத்து மாஸ்டர் கிட்ட கெஞ்சினேன், அவர் போய் பாத்துட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. ஓனர் அவங்க, எனக்கு அரை லீஸ், வாரத்துல மூணு நாள்.

இப்ப ரிவ்யூ. இந்த இடம் ஏன் பிடிச்சதுன்னா, முரட்டுக் குதிரைனு முடிவு கட்டறதுக்கு முன்னாடி வேற காரணம் இருக்கான்னு பாத்தாங்க. முதல் வாரம் நான் அவ மேல ஏறவே இல்ல. டாக்டர வரவழைச்சு வாயத் தொறந்து பாத்தாங்க. கடவாய்ப் பல்லு ரெண்டு பக்கமும் கூரா வளந்து கன்னத்த உள்ள கிழிச்சிட்டு இருந்திருக்கு, குதிரைக்குப் பல் தேயத் தேய வளந்துட்டே இருக்கும், ராவாம விட்டா ஓரம் கத்தி மாதிரி ஆயிடும்னு அன்னிக்குதான் கத்துக்கிட்டேன். அரம் போட்டு ராவினாங்க. முன் பல்லுக்கும் கடவாய்ப் பல்லுக்கும் நடுவுல பல்லில்லாத ஒரு இடம் இருக்கு இல்லையா, கடிவாளம் உக்கார்ற இடம், அங்க எலும்பு மேல மெல்லிசா சதை அவ்ளோதான், டாக்டர் என் விரல வெச்சு தடவிப் பாக்கச் சொன்னாரு, ஒரு பக்கம் மேடு தட்டி இருந்துச்சு, பழைய காயம் ஆறின தழும்பு. நான் ஒன்றரை வருஷம் இழுத்த இழுப்பு அங்கதான் போயிருக்கு. ரொம்ப நேரம் அந்த எடத்துல விரல வெச்சுக்கிட்டே நின்னேன்.

அப்புறம் முதுகு, சேணம். முதுகெலும்பு ரெண்டு பக்கமும் அழுத்திப் பாத்தா இடது பக்கம் குழியா இறங்கினா, அதாவது வலி. பழைய சேணம் முன்னாடி இறுக்கி தோள்பட்டைய பிடிச்சிருக்கு. வேற சேணம், கீழ கம்பளி பேட், கடிவாளம் நடுவுல ரெண்டு மூட்டு வெச்ச மென்மையான ஸ்னாஃபிள். இத்தனைக்கும் இவங்க தனியா காசு கேக்கல, டாக்டர் ஃபீஸ் மட்டும் ஓனர் பாதி நான் பாதி.

மாஸ்டர் ராணுவத்துல குதிரைப் பிரிவுல இருந்து ரிடையர் ஆனவர். அதிகம் பேச மாட்டார், பேசினா சத்தமா பேசுவார், சில பேருக்கு அது ஒத்து வராது. முதல் நாள் அவர் சொன்னத எழுதி வெச்சிருக்கேன்: "ரேஸ் குதிரைக்கு கடிவாளத்துல சாஞ்சா ஓடுன்னுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. நீ இழுக்க இழுக்க ஓடுன்னு சொல்றே. அவ சொன்ன பேச்சக் கேக்கறா, நீதான் தப்பாச் சொல்றே." எனக்கு அப்படியே உறைச்சுது. இத்தனை நாள் அடங்காதவன்னு திட்டிட்டு இருந்தேன், அவ ஜாக்கி காலத்துல கத்துக்கிட்டத ஒழுங்கா செஞ்சிட்டு இருந்திருக்கா.

அதுக்கு அப்புறம் ரெண்டு மாசம் என் கைக்குதான் ட்ரெயினிங், குதிரைக்கு இல்ல. பிடி, விடு. ஒரு மூச்சு பிடி, அடுத்த மூச்சு விடு. தொடர்ந்து பிடிச்சா அவளுக்கு சாய சுவர் கிடைச்சிடும், விட்டுட்டா சாய ஒண்ணும் இல்ல, தன் கால்ல தானே நிக்கணும். கேக்க சுலபம். முன்னாடி ஒரு குதிரை கேன்டர்ல (தாவித் தாவிப் போற வேகமான ஓட்டம்) போறப்ப, கீழ இருக்கறவ ஸ்பிரிங் மாதிரி முறுக்கிட்டு இருக்கறப்ப, கைய விடறதுக்கு ஒரு நெஞ்சுரம் வேணும். முதல் பத்து தடவை விடவே முடியல. மாஸ்டர் தரையில இருந்து "விடு! விடு! விடு!"ன்னு கத்துவார், என் விரல் கேக்காது. ஒரு நாள் சவுக்குத் தோப்பு ஓரம், காலைல ஆறு மணி இருக்கும், என்னமோ ஆகட்டும்னு விட்டேன். நாலு அடி வேகமா போனா, அஞ்சாவது அடியில காது ரெண்டும் பின்னால திரும்பிச்சு, என்ன ஆச்சு, மேல ஆள் இருக்கா இல்லையான்னு கேக்கற மாதிரி. மூச்ச விட்டு முதுக நிமித்தி உக்காந்தேன். ட்ராட்டுக்கு, அதாவது நடைக்கும் கேன்டருக்கும் நடுவுல இருக்கற சீரான ஓட்டத்துக்கு இறங்கிட்டா. அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியில உத்தண்டி டோல்கேட் வரைக்கும் அழுதுட்டே கார் ஓட்டினேன்.

இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தாங்க, உண்மையிலேயே ஓட ஆரம்பிச்சிட்டா ரெண்டு கையாலயும் இழுக்காதே, ஒரு கைய பிடரி மேல ஊனி வெச்சு இன்னொரு கையால ஒரு பக்கமா பெரிய வட்டம் போடு, வட்டத்த மெதுவா சின்னது பண்ணு. சட்டுன்னு திருப்பினா குதிரை கால் பின்னி விழுந்துடும், அதனால இடம் இருக்கற எடத்துல மட்டும். இத தினமும் நடையில, அப்புறம் ட்ராட்ல, அப்புறம் கேன்டர்ல, தூங்கிட்டே செய்யற அளவுக்கு பழக்கினாங்க.

தூரம் ஏத்தினது ரொம்ப பொறுமையா. முதல் ரெண்டு மாசம் பெரும்பாலும் நடைதான், கொஞ்சம் ட்ராட். எனக்கு அப்ப எரிச்சலா இருந்துச்சு, மாசம் 15,000 குடுத்து குதிரைய வாக்கிங் கூட்டிட்டுப் போறேனேன்னு. மாஸ்டர் காரணம் சொன்னாரு: நெஞ்சும் மூச்சும் சில வாரத்துலயே தேறிடும், சதை அதுக்கு அடுத்து, ஆனா தசைநாரும் எலும்பும் பலப்பட மாசக்கணக்கு ஆகும். மூச்சு இருக்கேன்னு ஓட்டினா கால் போயிடும். அதுலயும் நம்ம பீச் மணல். மெத்துன்னு இருக்கேன்னு எல்லாரும் மணல்லதான் ஓட்டுவாங்க, ஆழமான காஞ்ச மணல்தான் தசைநாருக்கு எமன். இங்க அலை வந்து நனைச்சுட்டுப் போன இறுகின பட்டையில மட்டும், அதுவும் வாரத்துல ஒரு நாள், மத்தபடி தோப்புக்குள்ள மண் ரோடு, உப்பளத்து வரப்பு ஓரம்.

சென்னை வெயில் பத்தி தனியா சொல்லியே ஆகணும், வெளியூர் வீடியோ பாத்துட்டு இங்க அப்படியே செய்யறவங்க நிறைய பேர். குதிரைக்காரங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, பாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கூட்டு, 130க்குக் கீழ இருந்தா கவலை இல்ல, 150 தாண்டினா வேர்வை மட்டும் உடம்ப ஆத்தாது, 180 தாண்டினா வேலை வாங்கவே கூடாது. ஜூன்ல விடியக்காலம் அஞ்சு மணிக்கு என் போன்ல 84, ஈரப்பதம் 75, கூட்டினா 159. சூரியன் வர்றதுக்கு முன்னாடியே! அதனால அந்த மாசங்கள்ல 4.45க்கு சேணம் கட்டி ஆறரைக்குள்ள முடிப்பாங்க, எட்டு மணிக்கு வர்றேன்னு யாராவது சொன்னா ஸ்லாட்டே கிடையாது. தூக்கம் கெடும்தான், ஆனா எட்டு மணிக்கு குதிரை குடுக்கற இடத்துல சேராதீங்கன்னு இதனாலதான் சொல்றேன்.

தண்ணி ஊத்தற விஷயத்துலயும் இவங்க கிட்ட கத்துக்கிட்டது நிறைய. ஓடி வந்த குதிரைக்கு பச்சத்தண்ணி ஊத்தினா சதை பிடிச்சுக்கும்னு பழைய இடத்துல சொல்வாங்க, ஈரத்துணியால தொடைச்சு விட்ருவாங்க. இங்க பாய் (அவர்தான் தாமிராவுக்கு சைஸ், அதாவது குதிரைய பராமரிக்கறவர், கிண்டியில முப்பது வருஷம் குதிரை பாத்தவர்) பக்கெட் பக்கெட்டா கழுத்து, நெஞ்சு, முதுகு, பின்தொடைன்னு நிறுத்தாம ஊத்திட்டே இருப்பார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் சமயத்துல அந்த ஊர் புழுக்கத்துக்காகவே இத ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க, குளிர்ந்த தண்ணி ஊத்தறதுதான் குதிரைய காப்பாத்துது, சதை பிடிக்கறதெல்லாம் இல்லைன்னு. நம்ம ஊர்ல காத்துல ஏற்கனவே ஈரம், வேர்வை காயாது, காயாத வேர்வை உடம்ப ஆத்தாது, அப்ப ஊத்தற தண்ணிதான் சூட்ட எடுத்துட்டுப் போகணும்.

உப்பும் அப்படித்தான். நம்ம வேர்வை ரத்தத்த விட உப்பு கம்மி, அதனால வேர்த்தா ரத்தத்துல உப்பு ஏறி தாகம் எடுக்கும். குதிரை வேர்வையில ரத்தத்த விட உப்பு ஜாஸ்தி. தண்ணியும் போகும் உப்பும் சேந்தே போகும், அதனால உடம்பு காஞ்சு போயிருந்தாலும் அதுக்கு தாகமே தெரியாது. கடும் வெயில்ல மணிக்கு 10 லிட்டருக்கு மேல வேர்க்கற மிருகம், தொட்டி முன்னாடி நின்னு மூஞ்ச திருப்பிக்கும், நாம தாகம் இல்ல போலன்னு நினைச்சுட்டு கூட்டிட்டுப் போயிடுவோம். இங்க உப்புக் கலவைய சிரிஞ்சுல எடுத்து வாயோரமா குடுப்பாங்க, ஆனா கொஞ்சமாவது தண்ணி குடிச்ச அப்புறம்தான். காஞ்ச வயித்துல உப்பு போனா இன்னும் தண்ணிய உறிஞ்சி கெடுத்துடும்.

இதயத் துடிப்பு எண்ணவும் பாய்தான் கத்துக் குடுத்தார். ஸ்டெதஸ்கோப்ப இடது முழங்கைக்குப் பின்னால, பெல்ட் கட்டற எடத்துல சொருகி, 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கணும். சும்மா நிக்கற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும். போட்டியில வெட் கேட்டுக்கு வந்து 15 நிமிஷத்துக்குள்ள 64க்கு இறங்கணும், அதாவது 15 செகண்டுக்கு 16 துடிப்பு. பதினேழுன்னா வெளிய. லாயத்துல சேணத்துக்கு அடியில வெக்கற ஹார்ட்ரேட் மானிட்டர் ஒரு செட் இருக்கு, உப்புத்தண்ணியில நனைச்சு வெச்சாதான் ஒழுங்கா காட்டும், அத ஒன்பது குதிரைக்கும் மாத்தி மாத்தி போடறாங்க, இன்னொரு செட் வாங்கணும்னு நாலு தடவை சொல்லிட்டேன். என் முறை வர்றப்ப பாதி நாள் சார்ஜ் இருக்காது. இது உண்மையான குறை.

இப்ப போட்டி நாள். செங்கல்பட்டு உள்ள, ஏரிக்கரை, அறுவடை முடிஞ்ச வயல், பனைமர வரிசை, அருமையான பாதை. 20 கிலோமீட்டர் லூப் ரெண்டு. முந்தின நாள் சாயங்காலமே வண்டியில கூட்டிட்டுப் போய் டாக்டர் கிட்ட காட்டினாங்க, தாமிரா புது இடத்துல ராத்திரி பூரா சுத்திச் சுத்தி வந்தா, பாய் அவ பக்கத்துலயே சாக்கு விரிச்சுப் படுத்துட்டாரு.

ஸ்டார்ட் தான் எனக்குப் பயம். பதினெட்டு குதிரை ஒண்ணா கிளம்பினா இவளுக்கு ரேஸ் கேட் ஞாபகம் வந்துடும். மாஸ்டர் பிளான் இது: கொடி காட்டினதும் போகாதே, எல்லாரும் கண்ணுக்கு மறையட்டும், பத்து நிமிஷம் கழிச்சுப் போ, கடிகாரம் ஓடட்டும் பரவாயில்ல. அவ எதிர் பக்கம் பாத்து நிக்கற மாதிரி ஒரு புளியமரத்துக்குப் பின்னால பாய் அவள நடத்திட்டே இருந்தாரு. அப்பவும் குளம்புச் சத்தம் கேட்டு நடுங்கினா, கழுத்து ரெண்டு பக்கமும் நுரை. குதிரை வேர்வையில சோப்பு மாதிரி ஒரு புரதம் இருக்காம், அதான் உரசற எடத்துல எல்லாம் நுரையா வருது. பத்து நிமிஷம் கழிச்சு கிளம்பினோம், முதல் எட்டு கிலோமீட்டர் அவ்ளோ அழகு. கடிவாளம் தளர்ந்து தொங்குது, ட்ராட் ஒரே தாளத்துல, ஒரு கொக்கு கூட்டம் எழுந்து பறந்துச்சு, அவ காத கூட ஆட்டல.

ஒன்பதாவது கிலோமீட்டர் பக்கத்துல வழி தவறிப் போன ரெண்டு பேர் பின்னாடி இருந்து கேன்டர்ல எங்கள கடந்தாங்க. அவ்ளோதான். எட்டு மாசமும் காணாமப் போயிடுச்சு. தலைய கீழ குத்தி, பழையபடி மொத்த எடையும் என் கையில. நானும் பழையபடி இழுத்தேன், ஒளிக்க விரும்பல, சில நூறு மீட்டர் இழுத்தேன், இழுக்க இழுக்க வேகம் ஏறிச்சு. ஏரிக்கரை குறுகல், வட்டம் போட இடம் இல்ல, ஒரு பக்கம் தண்ணி இன்னொரு பக்கம் சரிவு. சரி, இங்க எதுவும் செய்யக் கூடாதுன்னு முடிவு பண்ணி ஸ்டிரப்ல (கால் வைக்கற வளையம்) எழுந்து நின்னு பிடரியப் பிடிச்சுக்கிட்டு அவள ஓட விட்டேன், நேரா மட்டும் வெச்சுக்கிட்டேன். கரை இறங்கி வயல் வந்ததும் இடது கைய பிடரியில ஊனி வலது பக்கம் பெரிய வட்டம். ஒண்ணு. ரெண்டு. மூணாவது வட்டத்துல காது திரும்பிச்சு. விட்டேன். ட்ராட். அப்புறம் நடை. மொத்தம் மூணு கிலோமீட்டர் ஓடியிருக்கோம்.

மிச்சத்த ஓட்டி வெட் கேட்டுக்கு வந்தப்ப பாய் ஸ்டெதஸ்கோப்ப வெச்சார். 84. தண்ணி, தண்ணி, தண்ணி. அஞ்சு நிமிஷத்துல 76. பக்கத்துல ஏதாவது குதிரை கனைச்சா நாலு ஏறும். பத்து நிமிஷத்துல 68, அங்கயே நிக்குது, இறங்கல. நான் "பாய் எவ்ளோ, பாய் எவ்ளோ"ன்னு கேட்டுட்டே இருக்கேன், அவர் "பொறும்மா, நீ பதறினா அவளும் பதறுவா, தள்ளிப் போய் நில்லு"ன்னுட்டார். தள்ளிப் போனேன். அவர் அவ காதோட அடிய விரலால மெதுவா வருடிக்கிட்டே வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்தார், அவ தலை இறங்கிச்சு, கீழ் உதடு தொங்கிச்சு. பதிமூணாவது நிமிஷம் டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனார். 64. சரியா 64. டாக்டர் கழுத்துத் தோல கிள்ளி விட்டு எவ்ளோ வேகமா படியுதுன்னு பாத்தார், ஈறுல கட்டைவிரல அழுத்தி எடுத்து நிறம் திரும்பறத பாத்தார், வயித்துல காது வெச்சு குடல் சத்தம் கேட்டார், ட்ராட்ல ஓட விட்டு நொண்டறாளான்னு பாத்தார், பாஸ்.

அந்த நாப்பது நிமிஷ கட்டாய ஓய்வுல மாஸ்டர் என்னைத் திட்டல, ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டினார். மூணு கிலோமீட்டர ட்ராட்ல போயிருந்தா பதினாலு நிமிஷம் சொச்சம், பாய்ஞ்சதுல ஒன்பது நிமிஷம், லாபம் அஞ்சு. ட்ரெயினிங்ல நாலு நிமிஷத்துல இறங்கற துடிப்பு இன்னிக்கு இறங்க பதிமூணு, நஷ்டம் ஒன்பது. துடிப்பு இறங்கி டாக்டர் கிட்ட போற வரைக்கும் லூப் நேரம் ஓடிட்டே இருக்கும் இல்லையா, அதனால பாய்ஞ்சு வந்ததுல நாங்க நாலு நிமிஷம் பின்தங்கினதுதான் மிச்சம். எத்தனையோ தடவை வாயால சொன்னது அன்னிக்கு அந்த நம்பர்லதான் எனக்கு உள்ள இறங்குச்சு.

ரெண்டாவது லூப்ல யாரும் கடக்கல. ஏரிக்கரைய பாதிக்கு மேல இறங்கி நடந்தே கூட்டிட்டு வந்தேன், ரூல்ல அதுக்குத் தடை இல்ல. என் தோள்ல மூக்க உரசிட்டே வந்தா. கடைசில துடிப்பு 60, ஆறு நிமிஷத்துல. பதினெட்டுல பன்னிரண்டு பேர் முடிச்சோம், நாங்க பதினொண்ணாவது. ஆறு குதிரை நொண்டலுக்கும் துடிப்புக்கும் வெளிய போச்சு, அதுல ரெண்டு எங்கள கடந்து போனதுங்க.

குறைகளையும் சொல்லிடறேன். மழை மாசத்துல உள்ள போற ரோடு சேறு, அக்டோபர் நவம்பர்ல பாதி கிளாஸ் போச்சு, அந்தக் காசு அடுத்த மாசத்துக்கு மாத்திக் குடுத்தாங்க ஆனா நான் மூணு தடவை கேட்ட அப்புறம்தான். கிளாஸ் கேன்சல்னு வாட்ஸ்அப் காலைல நாலு மணிக்கு வரும், நான் நாலரைக்கு திருவான்மியூர்ல கிளம்பியாச்சு, பாதி வழியில பாத்த நாளும் உண்டு. உடை மாத்த ரூம் கிடையாது, பெண்களுக்கு இது பெரிய கஷ்டம், டாய்லெட் ஒண்ணே ஒண்ணு. அங்க இருக்கற ஹெல்மெட் எல்லாம் பழசு, ஒருத்தர் விழுந்த ஹெல்மெட்ட திரும்ப யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு மாஸ்டர் கிட்டயே சொல்லியிருக்கேன், நீங்க சொந்தமா வாங்கிட்டுப் போயிடுங்க, இதுல மட்டும் காசு பாக்காதீங்க. சின்னப் பசங்களுக்கு மாஸ்டர் சத்தம் ஒத்து வராது, என் அக்கா பையன் ரெண்டே நாள்ல வரமாட்டேன்னுட்டான்.

செலவு: மாசம் 15,000, பன்னிரண்டு ரைடு. போட்டிக்கு வண்டி, சைஸ், உப்பு எல்லாம் சேத்து தனியா 7,000 ஆச்சு, நுழைவுக் கட்டணம் வேற. பாய்க்கு தனியா குடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா குடுங்க, அந்த 64 அவரோடது. நல்லா ஓட்டத் தெரிஞ்சு, ஆனா இழுக்கற குதிரைகிட்ட மாட்டிட்டு முழிக்கறவங்க கண்டிப்பா போய் பாக்கலாம். முதல் நாளே கேன்டர் வேணும், இன்ஸ்டா போட்டோ வேணும்னா இது உங்களுக்கான இடம் இல்ல. எந்த லாயத்துக்குப் போனாலும் மூணு விஷயம் கேளுங்க, பல்லு கடைசியா எப்ப பாத்தீங்க, என்ன கடிவாளம் போடறீங்க, ஓடி வந்ததும் துடிப்பு எண்ணுவீங்களா. முகத்தப் பாத்தாலே பதில் தெரிஞ்சிடும்.

என் பக்கத்துல இருந்து அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் அந்த ஹெல்மெட்டுக்கும் டாய்லெட்டுக்கும் குறைச்சது. அடுத்தது 60 கிலோமீட்டர், அடுத்த குளிர் சீசன்ல, அது வரைக்கும் தாமிராவுக்கு மே மாசம் முழுக்க லீவு, தோப்பு நிழல்ல மேயறா. போன ஞாயித்துக்கிழமை கொள்ளு எடுத்துட்டுப் போனேன், கேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கார் சத்தம் கேட்டு கனைச்சா.